கென்னத் எடுத்துக் கொடுத்த அடி

ஃபின்லே மக்கிவர் கடைக்குள் நுழைந்தால், உள்ளே சிரித்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்துக்கொள்வார்கள். அதைப் பயம் என்று சொல்ல முடியாது. ஹாலபோஸ்ட் கிராமத்தில் அவருடைய இடம் அப்படி. தேவாலயத்தில் அவர் மூப்பர். அதற்கும் மேலாக, அடியெடுத்துக் கொடுப்பவர். கிளாஸ்கோவுக்கு வடக்கே கடலுக்குள் கிடக்கும் லூயிஸ் தீவின் தேவாலயங்களில் ஆர்மோனியமும் கிடையாது, ஆர்கனும் கிடையாது. ஒருவர் முன்னிருக்கையில் எழுந்து, வேதாகமத்திலுள்ள தாவீதின் சங்கீதப் பாடல்களிலிருந்து ஓர் அடியைத் தனிக்குரலில் எடுத்துக் கொடுப்பார். சபை முழுதும் அதை வாங்கி, அலை கரையேறி உருண்டு திரும்புவதுபோல் நீட்டித் திருப்பிப் பாடும். ஃபின்லேக்கு முன் அந்த இருக்கையில் அவருடைய தகப்பனார் கென்னத் இருந்தார். கென்னத்துக்கு முன் அவருடைய தகப்பனார். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் எந்தச் சாவானாலும், பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஃபின்லே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "எங்க வாசற்படியை எந்த இசைக்கருவியும் தாண்டினதில்ல."

அந்த வியாழக்கிழமை காலை அவர் வந்தது ஓட்ஸ் மாவுக்கும் தேயிலைக்கும். கடைக்காரி டோலினா தேயிலையை எடுக்கத் திரும்பியபோது, கல்லாவுக்குப் பின்னால் வானொலியில் ஒரு பையன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஹாலபோஸ்ட் பொண்ணு இஷ்பல் மக்கிவரும், கிளாஸ்கோ பையன் ராப் கெய்ர்ன்ஸும் சேர்ந்து ஆரம்பிச்சிருக்கிற 'காலி பஸ்' குழு! சனிக்கிழமை ஸ்டோர்னவேல முதல் கச்சேரி. அடுத்த மாசம் முதல் இசைத்தட்டு. அதுலேருந்து ஒரு துண்டு இப்ப உங்களுக்காக..."

"அட, உங்க பொண்ணு இஷ்பல்!" என்று டோலினா சத்தத்தைக் கூட்டினாள். நல்ல எண்ணத்தில்தான் கூட்டினாள்.

முதலில் முரசு அடித்தது. அதன்மேல் கித்தார் வந்தது. பிறகு ஒரு வயதானவரின் குரல். அதில் வார்த்தை எதுவும் இல்லை. ஒரேயொரு இழுப்பைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறி, உச்சியில் நடுங்கி, சறுக்கி இறங்கும் குரல். ஃபின்லேயின் கை கல்லாப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அது மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடமாகிவிட்ட மனிதரின் குரல். கென்னத்தின் குரல்.

மெட்டு எது என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்தது. திருவிருந்து வாரத்தின் கடைசி நாளில் பாடும் மெட்டு. அதற்குரிய சங்கீதம் எது என்பதும் பாலோடு சேர்த்துக் குடித்த சங்கதி. அந்த மெட்டின் அடியில் முரசு துள்ளிக்கொண்டிருந்தது.

"ஃபின்லே, இது உங்க அப்பா..." என்று டோலினா இழுத்தாள்.

"அணை அதை."

அவள் அணைத்தாள். ரொட்டி அடுக்கின் பக்கம் மூப்பர் ஆங்கஸ் ஜானின் மனைவி கையில் ரொட்டியோடு அப்படியே நின்றிருந்தாள். அது போதும். மதியத்துக்குள் சேதி ஊரைத் தாண்டிவிடும். ஃபின்லே காசை வைத்தார். தேயிலையை மறந்துவிட்டு வெளியே நடந்தார்.

*

அவருடைய பஸ் சாலை முடியும் இடத்தில், கடலைப் பார்த்து நின்றிருந்தது. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் அது. நடுவில் காலியாக நிற்கும். இஷ்பல் சிறுமியாக இருந்தபோது எங்கிருந்தோ ஒரு பழைய கித்தார் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். இரவில் அது, அடுப்பெரிக்க நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அடுக்கி வைக்கும் கொட்டகையில் கிடக்கும். பகலில் இந்த பஸ்ஸின் பின்சீட்டில் ஒலிக்கும். அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தார். பஸ் வீடு இல்லை, அதற்கு வாசற்படியும் இல்லை என்று மனதுக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். இப்போது அந்தச் சட்டத்தின்மேல்தான் அவருக்குக் கோபம் வந்தது.

அவர் ஏறியதும் ராப் பின்சீட்டிலிருந்து துள்ளி எழுந்து, மேலே பெட்டி வைக்கும் கம்பியில் தலையை இடித்துக்கொண்டான். ஒல்லியான பையன். மடியில் இருந்த முரசு உருண்டது.

"வாங்க மிஸ்டர் மக்கிவர். உங்க பஸ்தான், உங்களுக்கு டிக்கெட் வேணாம்."

"கீழ இறங்கு தம்பி."

"மழை பெய்யுது சார்."

"கிளாஸ்கோல பெய்யாத மழையா? இறங்கு."

"அவன் இருக்கட்டும்பா," என்றாள் இஷ்பல். கித்தாரை மடியிலிருந்து எடுக்கவில்லை. "கேக்க வேண்டியதை என்கிட்ட கேளுங்க."

"யார் குரல் அது?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க."

"உன் வாயால சொல்லு."

"தாத்தா."

"எங்கேருந்து எடுத்தே?"

"பெகி அத்தை வீட்ல ஒரு பழைய டேப்பு இருக்கு. அதுலேருந்து."

"தேவாலயத்துக்குள்ள மெஷினைக் கொண்டுவர அவர் யாரையும் விட்டதில்ல. எவனோ திருட்டுத்தனமா பதிஞ்சிருக்கான், நீ அதைத் தூக்கி முரசு மேல வெச்சிருக்கே. ஆண்டவரோட வசனத்தை! குடிச்சிட்டு ஆடுறவனுக்கு!"

"இல்ல சார், அது வசனமே..." என்று ராப் வாயெடுத்தான்.

"ராப், வாயை மூடு."

"அந்த டேப்புல மீதியைக் கேட்டார்னா அவரே..."

"மூடுன்னு சொன்னேன்ல!"

ராப் முரசை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். மழை கண்ணாடியில் வழிந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று இஷ்பல் கேட்டாள்.

"அந்தப் பாட்டை எடுத்துடு. தட்டுல வரக் கூடாது."

"அந்தப் பாட்டு இல்லன்னா தட்டே இல்லப்பா. மாயிரி ஒரு மீன்வறுவல் கடைக்கு மேல, படுக்கையறைல கம்பெனி நடத்துறா. அவகிட்ட இருக்கிற பணத்துக்கு ஒரு தட்டுதான் போட முடியும். நாங்க இல்லன்னா அடுத்த குழு வரிசைல நிக்குது."

"நிக்கட்டும். அவங்களுக்குக் கொடுக்கட்டும்."

அவள் கித்தாரின் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்கினாள். ஃபின்லே சண்டைக்குத் தயாராக நின்றார். முடியை ஒட்ட வெட்டியபோது சண்டை. படிக்க கிளாஸ்கோவுக்குத்தான் போவேன் என்றபோது சண்டை. இந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது பெரும் சண்டை. அடங்கிப் போகிற பிள்ளை இல்லை அவள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. வீட்டில் கண்ணாடி இருந்தது.

"சரி," என்றாள் இஷ்பல்.

"என்ன சரி?"

"எடுத்துடறேன். மாயிரி நாளைக்கு சாயங்காலம்தான் ஊர் திரும்புறா. அஞ்சு மணிக்கு போன்ல பேசுறேன். பேசின அடுத்த நிமிஷம் வரிசைல காத்திருக்கிற பசங்களுக்கு நம்ம இடம் போயிடும். திரும்ப வராது. திருப்திதானே?"

"இஷ்பல், நான் கப்பல் பட்டறை வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்," என்றான் ராப், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"தெரியும் ராப்."

ஃபின்லே கீழே இறங்கினார். ஜெயித்துவிட்டார். ஆனால் வீடு வரைக்கும் அவருக்கு ஜெயித்தவனின் நடை வரவில்லை.

*

மாலையில் ஆங்கஸ் ஜான் வந்தான். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஃபின்லேயைவிடச் சில வயது இளையவன். கட்டையான உடம்பு, சிவந்த முகம். அவனும் மூப்பர். பல வருடமாக அந்த முன்னிருக்கைக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்து வருபவன்.

"நாளைக்கு நாலு மணிக்கு மூப்பர் சபை. போதகர் வீட்ல."

"எதுக்குன்னு நான் கேக்கல."

"கேக்க வேணாம். என் வீட்டுக்காரி காதால கேட்டிருக்கா. ஃபின்லே, உங்க அப்பாகிட்ட பாட்டு கத்துக்கிட்டவன் நான். அவர் குரலை இப்படிச் சந்தையில கட்டி இழுத்தா எனக்கு வயிறு எரியுது."

"பாட்டை எடுத்துடறேன்னு அவ சொல்லிட்டா."

"உன்கிட்ட சொன்னா போதுமா? சபை முன்னாடி வந்து தப்புன்னு சொல்லணும். இல்லன்னா வர்ற திருவிருந்து வாரத்துல நீ அந்த இருக்கைல உக்கார முடியாது."

"மக்கிவர் வீட்டுப் பொண்ணு மூப்பர் முன்னாடி போய் நிக்க மாட்டா."

"அப்ப நீ நில்லு," என்று சொல்லிவிட்டு ஆங்கஸ் ஜான் சைக்கிளில் ஏறினான்.

இஷ்பல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். அவள் தலை நிமிரவில்லை. உப்பிட்ட ஹெர்ரிங் மீனையும் உருளைக்கிழங்கையும் இருவரும் சாப்பிட்டார்கள். 'மீதியைக் கேட்டார்னா' என்று அந்தப் பையன் சொன்னது ஃபின்லேயின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

*

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக அக்கா பெகியின் வீட்டுக்குப் போனார். சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது.

பெகிக்கு வயதானாலும் நாக்குக்கு வயதாகவில்லை. கப்பலோட்டி புருஷன் எந்தத் துறைமுகத்திலிருந்தோ தூக்கி வந்த டேப் ரிக்கார்டர், பெரிய சக்கரங்களோடு இன்னும் அவள் அலமாரியின்மேல் உட்கார்ந்திருந்தது.

"டேப்பை எடு," என்றார்.

"எதுக்கு?"

"எரிக்க."

"தீப்பெட்டி கொண்டுவந்தியா, இல்ல அதையும் நான்தான் கொடுக்கணுமா?"

"விளையாடாதே அக்கா. தேவாலயத்துல திருடிப் பதிஞ்சது அது."

"யாரு சொன்னா தேவாலயம்னு? கேக்காம எரிக்கிறவன் மடையன். உக்காரு."

அவர் உட்காரவில்லை. அவள் நாடாவைச் சக்கரத்தில் கோர்த்துப் பொத்தானை அழுத்தினாள். முதலில் இரைச்சல். பிறகு ஒரு நாய் குரைத்தது. யாரோ இருமினார்கள். இளம் பையன்கள் சிரிப்பை அடக்கும் சத்தம். "பெகி, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தும்மா" என்று கென்னத் சொன்னார். எவ்வளவு சாதாரணமாக! ஃபின்லே அறிந்த தகப்பனார் இவ்வளவு இளகிப் பேசியதில்லை.

அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. இது ஒத்திகை. ஆண்டவருடைய வார்த்தையை வைத்து ஒத்திகை பார்ப்பது அந்தத் தீவில் பாவம். தடுக்கி விழுந்து எழுந்து பழகுவதற்கு அந்த வார்த்தைகள் உரியவை அல்ல. அதனால் மெட்டைப் பழகும்போது வேறு வரிகளைப் போட்டுப் பாடுவார்கள்: ஆட்டைப் பற்றி, வானிலையைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி. சொல்லிக்கொடுப்பவர் வாய்க்கு வந்ததைக் கட்டுவார். ஃபின்லேயே அப்படித்தான் பையன்களுக்குப் பழக்குகிறார். அது வசனம் இல்லை என்றால் தெய்வ நிந்தனையும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கத் தொடங்கியது.

அப்போது கென்னத் அடியெடுத்துக் கொடுத்தார்.

கரிமண் வரப்பில் புதைத்துவிட்டேன்
கைகள் அறிந்த துருத்தியை;
மழைநாள் தோறும் மண்ணுக்குள்ளே
மூச்சு விடுதே இன்னமும்.

பையன்கள் ஒவ்வோர் அடியாக வாங்கித் திருப்பிப் பாடினார்கள். கடைசி அடியில் கென்னத்தின் குரல் அந்த இழுப்பில் ஏறியது, உச்சியில் நடுங்கியது. வானொலியில் கேட்ட அதே இடம். நாடா ஓடி முடிந்து சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"எந்தத் துருத்தி?" என்று ஃபின்லே கேட்டார்.

"மெலோடியன். வேற எது? கல்யாணத்துக்கு முன்னாடி சாலை முக்குல உக்காந்து, துருத்தியை இழுத்து அமுக்கி அப்பா வாசிப்பார். நாலு ஊர் சனம் வந்து ஆடும். அவர் வாசிச்சா நாய்கூட ஜோடி தேடும்னு அம்மா சொல்வா."

"பொய்."

"அப்புறம் அந்த எழுப்புதல் வந்த குளிர்காலம். பிரசங்கம் கேட்டு ஊரே அழுதுச்சு. அவனவன் பிடிலையும் மெலோடியனையும் சுத்தியலால உடைச்சுப் போட்டான். இவருக்கு உடைக்க மனசு வரல. எண்ணெய்த்துணில சுத்தி, நம்ம கரிமண் வெட்டுற வரப்புல கொண்டுபோய்ப் புதைச்சார். நீ பொறக்கிறதுக்கு முன்னாடி."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"இந்த டேப்பு பதியும்போது நீ கப்பல்ல இருந்தே. இறங்கி வந்ததும் வாசற்படி, வாசற்படின்னு மார்தட்ட ஆரம்பிச்சுட்டே. அப்புறம் யாரு சொல்லுவா?"

ஃபின்லே இப்போது உட்கார்ந்தார்.

"இஷ்பலுக்குத் தெரியுமா?"

"இதே நாற்காலில உக்காந்து அழுதா. வார்த்தையெல்லாம் வெட்டிட்டு, வெறும் இழுப்பை மட்டும் எடுத்துக்கிட்டா. ஏன்டி, வார்த்தைதானே உயிர்னு கேட்டேன். 'வார்த்தை வெளிய வந்தா அப்பா இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கிறது பொய்யாயிடும் அத்தை, அவர் தாங்க மாட்டார்'னா."

அடுப்பில் கரிமண் புகைந்தது. ஆண்டவருடைய வசனத்தை முரசுமேல் வைத்தாள் என்று நேற்று பஸ்ஸுக்குள் நின்று கத்தியது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேலிருந்த பழி விழுந்திருக்கும். சொல்லவில்லை. முதல் தட்டையும், அந்தப் பையனின் பிழைப்பையும் தூக்கிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

பெகி டேப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். "இந்தா, எரி. சும்மா இருந்தாலும் சரிதான். அஞ்சு மணிக்கு அவளே முடிச்சுடுவா. அப்பா பேருக்கும் கறை இல்ல, உன் இருக்கைக்கும் பங்கமில்ல. உனக்கு வேண்டியது அதுதானே?"

அவர் டேப்பைத் தொடவில்லை. எழுந்து போகும்போது தீப்பெட்டி மேசைமேல் கிடந்தது.

*

போதகர் கில்லீஸ் இன்வர்னெஸ் பக்கத்து மனிதர். தீவுக்கு வந்து சில வருடம்தான் ஆகிறது. அவருடைய முன்னறையில் மூப்பர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. ஃபின்லே அதற்கு நேர் எதிரே உட்கார நேர்ந்தது.

நீண்ட ஜெபம். பிறகு போன கூட்டத்தின் நடவடிக்கைகள். பிறகு கூரை ஒழுகும் விவகாரம். ஃபின்லே வாழ்நாளில் முதல்முறையாகக் கூரையைப் பற்றிப் பொறுமை இழந்தார். முள் நான்கரையைத் தாண்டிய பிறகுதான் ஆங்கஸ் ஜான் எழுந்து விஷயத்தைச் சொன்னான். சுருக்கமாகவே சொன்னான். பொய் எதுவும் சொல்லவில்லை. அவன் நம்பியதைச் சொன்னான்.

"மிஸ்டர் மக்கிவர்," என்றார் போதகர், "உங்க மகள் சங்கீத வசனத்தை அந்தப் பாட்டுல பயன்படுத்தியிருக்காங்களா?"

ஃபின்லே எழுந்தார். 'எனக்குத் தெரியாது, ஐயா. பாட்டை எடுத்துவிடுகிறாள்' என்றால் போதும். அது ஏறக்குறைய உண்மையும்கூட. இஷ்பலுக்குக் கொஞ்ச நாள் கெட்ட பெயர். பிறகு ஊர் மறந்துவிடும். கென்னத் மக்கிவர் கறையில்லாமல் கல்லறையில் இருப்பார். கடிகாரம் டக், டக் என்றது.

"அதுல வசனம் இல்ல ஐயா," என்றார் ஃபின்லே. "அது ஒத்திகை வரி. அக்கா வீட்ல பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தப்ப பதிஞ்சது."

"யார் சொன்னா?" என்றான் ஆங்கஸ் ஜான். "அப்படின்னா பொண்ணு ஏன் அதைச் சொல்லல? எதையோ மறைக்கிறீங்க."

"டேப் இருக்கு."

"அப்ப கொண்டுவரட்டும். அடுத்த வாரம் எல்லாரும் கேக்கலாம்," என்றார் போதகர்.

"அடுத்த வாரம் ஆகாது ஐயா."

"ஏன்?"

ஐந்து மணியைப் பற்றி அந்த அறையில் எப்படிச் சொல்வது? முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஃபின்லே முதுகை நிமிர்த்தினார். கண்ணை மூடினார். தேவாலயத்தில் எழுந்து நிற்பதுபோலவே நின்று, அடியை எடுத்துக் கொடுத்தார்.

"கரிமண் வரப்பில் புதைத்துவிட்டேன்..."

அறை அசையவில்லை. ஆனால் அந்தத் தீவில் பிறந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: அடி எடுத்துக் கொடுக்கப்பட்டால் அவன் தொண்டை தானாகத் திறக்கும். தூக்கத்தில்கூடத் திறக்கும். மூலையில் இருந்த வயதான மூப்பர் ஒருவர் முனகலாக வாங்கிக்கொண்டார். இன்னொருவர் சேர்ந்தார். வார்த்தை என்ன என்று யோசிப்பதற்குள் அடி அறையைச் சுற்றி வந்துவிட்டது.

"கைகள் அறிந்த துருத்தியை..."

அதையும் வாங்கினார்கள், குழப்பத்தோடு. மூன்றாவது அடிக்கு ஃபின்லே வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கரிமண் வரப்பில் உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவன் மூடிய கண்ணுக்குள் தெரிந்தான்.

அப்போது வேறொரு குரல் எழுந்தது. கரகரப்பான, தாழ்ந்த குரல்.

"மழைநாள் தோறும் மண்ணுக்குள்ளே
மூச்சு விடுதே இன்னமும்."

ஆங்கஸ் ஜான். பாடி முடித்த பிறகுதான், தான் பாடியது அவனுக்கே தெரிந்தது. முகம் நெற்றிவரை சிவந்தது.

போதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆங்கஸ் ஜான், உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

ஆங்கஸ் ஜான் தொப்பியைத் திருகினான். "பெகி வீட்ல கத்துக்கிட்ட பசங்கள்ல நானும் ஒருத்தன் ஐயா. அந்த டேப்புல என் குரலும் இருக்கும். மறந்தே போயிட்டேன். என் வீட்டுக்காரி சொன்னதை வெச்சு, தேவாலயத்துப் பாட்டுன்னு நெனச்சுட்டேன்."

"எந்தத் துருத்தி இது?"

 எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதில் ஃபின்லேக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார். "மெலோடியன் விஷயம் தெரியுமா?"

மூலையில் இருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "என் ஆத்தா அவர் வாசிப்புக்கு ஆடினவ ஃபின்லே."

"அப்புறம் ஏன்யா நான் வாசற்படின்னு பேசறப்பல்லாம் தலையாட்டினீங்க?"

"உங்க அப்பாவுக்காகத்தான்," என்றான் ஆங்கஸ் ஜான். அவன் குரலில் நேற்றைய காரம் இல்லை. "அவர் புதைச்சதை நாங்க தோண்டக் கூடாதுன்னு."

தன் தோளில் ஒற்றை ஆளாகச் சுமந்து வருவதாக அவர் நினைத்திருந்த குடும்பப் பெயரை, இத்தனை காலம் ஊர் கைமாற்றிக் கைமாற்றித் தாங்கியிருக்கிறது. ஃபின்லேக்குத் தலை குனிந்தது. குனிந்த தலை, கடிகாரத்தைப் பார்க்க மறுபடி நிமிர்ந்தது.

"வசனம் இல்லைங்கிறது தெளிவாச்சு," என்றார் போதகர். "ஆனா ஒரு மூப்பரோட வீட்டுலேருந்து நடனப் பாட்டு போறதைப் பத்தி சபை பேசணும். அந்த இருக்கையைப் பத்தியும். நீங்க கொஞ்ச நேரம் வெளிய காத்திருங்க, மிஸ்டர் மக்கிவர். கூப்பிடுறோம்."

ஃபின்லே வெளியே வந்தார். அங்கே காத்திருப்பவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதைத் தாண்டி நடந்தார்.

"ஃபின்லே!" ஆங்கஸ் ஜான் வாசலுக்கு வந்துவிட்டான். "எங்கய்யா போறே? உன் இருக்கை! முடிவைக் கேட்டுட்டுப் போ!"

"நீங்களே கேட்டு வைங்க," என்றார் ஃபின்லே, திரும்பாமல்.

*

பஸ்ஸை எடுக்காமல் நடந்து வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். எதிர்க்காற்று மழையை முகத்தில் அறைந்தது. டோலினாவின் கடைக்குள் ஈரத்தோடு நுழைந்து, கேட்காமலே கல்லாமேல் இருந்த தொலைபேசியை எடுத்துத் தன் வீட்டு எண்ணைச் சுழற்றினார். விட்டு விட்டு ஒலிக்கும் சத்தம். மறுமுனையில் ஏற்கெனவே யாரோடோ பேச்சு நடக்கிறது.

"மணி என்ன?"

"அஞ்சு ஆகப்போகுது. கடிகாரம் கொஞ்சம் பின்னால ஓடும்," என்றாள் டோலினா. "என்ன ஆச்சு, ஃபின்லே? யாருக்காவது உடம்பு..."

அவர் ஓடினார். மக்கிவர் வீட்டு ஆண்கள் ஊர்ச் சாலையில் ஓடி யாரும் பார்த்ததில்லை. சாவுக்குக்கூட நடந்துதான் போவார்கள். ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரோ ஒரு கிழவி வாசலுக்கே வந்துவிட்டாள். தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. எடுக்கவில்லை.

வீட்டுக் கேட்டைத் தள்ளும்போது, சமையலறை ஜன்னல் வழியாக இஷ்பல் தெரிந்தாள். காதில் தொலைபேசி. முதுகைக் காட்டி நின்றிருந்தாள். படியில் ராப் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான், முரசைக் கோட்டால் மூடிக்கொண்டு.

"பேசிட்டு இருக்கா சார்," என்றான். "கேக்க முடியல, அதான் வெளிய வந்துட்டேன்."

ஃபின்லே வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியது. ஜன்னலைத் தட்டி, நான் தப்பாகப் பேசிவிட்டேன் மகளே என்று கத்தலாம். அந்த வார்த்தைகள் அவர் வாயில் பழகியவை அல்ல. ஓடி வந்த தூரத்தைவிட அவை தூரமாக இருந்தன. அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். கரிமண் அடுக்குக்குப் பின்னால் கித்தார் பெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. அதைத் தூக்கினார். அவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

படியில் ராப் எழுந்து வழிவிட்டான். ஃபின்லே வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு தாண்டினார்.

"...புரியுது மாயிரி, வருத்தமாத்தான் இருக்கு," என்று இஷ்பல் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா, அந்தப் பாட்டை நாங்க..."

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அப்பாவின் தலையில் தொப்பி இல்லை. நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் கித்தார் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல், ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் வைத்தார். அதிலிருந்து கரிய நீர் மேசைவிரிப்பில் பரவியது.

இஷ்பலின் கண்கள் பெட்டியைப் பார்த்தன, வாசற்படியைப் பார்த்தன, மறுபடி அவரைப் பார்த்தன. தொலைபேசிக்குள் மாயிரியின் குரல் கீச்கீச்சென்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இரு மாயிரி," என்றாள் இஷ்பல். குரல் உடைந்தது. "எதையும் யாருக்கும் கொடுத்துடாதே. இரு."

"அந்த நாலு வரியையும் போடச் சொல்லு," என்றார் ஃபின்லே. "முழுசா. வெறும் இழுப்பு போதாது."

"அப்பா..."

"பெட்டிலேருந்து தண்ணி சொட்டுது," என்றார் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாட்டத் தொப்பி இல்லாத கையை ஆணியை நோக்கி நீட்டி, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "தரையைத் துடைச்சிடு."